மெதுவக்கா காக்கும் பாலம்

“தள்ளாத. தள்ளாதடா கண்ணு. வாயத் தொறந்து ஊது. மெழுகுவத்திய அணைக்கிற மாதிரி... ஆங், அப்படித்தான்.”

மாடிப்படியில் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறார் மெதுவக்கா. எதிரே கம்பளிச் சட்டைக்குள் தலை மாட்டிக்கொண்ட கீழ்வீட்டுக் குழந்தை. சட்டையின் கழுத்து வழியே உச்சிமுடி மட்டும் தெரிகிறது. வேறு யாராக இருந்தாலும் ஒரே இழுப்பில் வேலையை முடித்திருப்பார்கள். அவர் இடது கை விரல்நுனிகளை அந்த உச்சியின் மேல் வைத்திருக்கிறார், கொதிக்கும் பாத்திரத்தின் மூடியைப் பிடித்திருப்பதுபோல. வலது உள்ளங்கை சட்டைக் கழுத்தின் கீழ்விளிம்பைத் தாங்கியிருக்கிறது. நெற்றி வருகிறது. புருவம் வருகிறது. மூக்கில் கொஞ்சம் தாமதம்.

“அக்கா, ஸ்கூல் வண்டி போயிடும்க்கா!” குழந்தையின் அம்மா கீழிருந்து கத்துகிறாள்.

“வண்டி போனா வேற வண்டி வரும். கழுத்து போனா?”

“குழந்தை கழுத்தா?”

“சட்டைக் கழுத்தும்மா.”

தாடை வெளியே வந்ததும் சட்டைத் தையலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். “ஒரு நூலும் போகல” என்கிறார். அதற்குள் பள்ளி வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கும். அந்தக் குடும்பம் குளிர்காலம் முழுவதும் நடந்தேதான் பள்ளிக்குப் போனது.

அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் அவர். எங்கள் குடியிருப்பில் எனக்கு எதிர்வீடு. கட்டை குட்டையான உருவம், அகலமான உள்ளங்கை, ஒட்ட வெட்டிய நகம். மூக்குக்கண்ணாடி பொருத்துவது என் தொழில். அவருக்கும் நான்தான் பொருத்தினேன். கம்பியைக் காதுக்குப் பின்னால் மாட்டப் போனபோது, “ஒரேடியா மாட்டாதீங்க தம்பி. கொஞ்சம் மாட்டி நிறுத்துங்க. காது பழகட்டும்” என்றார். கடையில் காத்திருந்த வாடிக்கையாளர்கள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அவருடைய வீட்டில் எதையும் கிழிக்கக் கூடாது. பிஸ்கட் பொட்டலத்தைக்கூட ஒட்டிய ஓரத்தை ஈரத்துணியால் ஒற்றி, இளக்கி, நெகிழவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். வெந்நீரும் துணியும் எப்போதும் தயாராக இருக்கும். ஜாம் பாட்டில் மூடி, இறுகிப்போன மேசை இழுப்பறை, விரலைவிட்டு வராத மோதிரம் எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம். அவருடைய கணவர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். “கிழியாம பாத்துக்கறது அவ வேலை. கிழிஞ்சத ஒட்டறது நம்ம வேலை. பொருத்தம் பாத்துக் கட்டி வெச்சிருக்காங்க” என்பார். அவர் வயிற்றுக்கு ஒரு சுற்று சிறியதான பனியனைத் தினமும் மெதுவக்காதான் கழற்றிவிடுகிறார். அந்த நேரத்தில் அந்த வீட்டின் ஜன்னலிலிருந்து “ஊதுங்க... ஊதுங்க... தோள் வந்துருச்சு” என்று குரல் கேட்கும். குடியிருப்புக்குப் புதிதாக வந்தவர்கள் பதறுவார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

பேருந்தில் இறங்குவதுதான் பெரிய கூத்து. கூட்டம் வாசலை நோக்கி நெருக்கும்போது படிக்கட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றுவிடுவார். “யாரும் தள்ளாதீங்க. மொதல்ல ஒருத்தர் தலை வரட்டும். தலை வந்துச்சா? இப்ப சைடா திரும்புங்க சார். ஒரு தோள்... இன்னொரு தோள்... அவ்வளவுதான், மிச்சம் தானா வந்துரும்.” கோட்டு சூட்டு போட்ட ஒரு மனிதர் அவர் சொன்னபடியே திரும்பி இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று, தன்னை அறியாமல் ஆழமாக மூச்சை இழுத்துவிட்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் அழாத குறை.

மாதம் ஒரு சனிக்கிழமை மருத்துவமனையின் அடித்தளத்தில், துணி துவைக்கும் கூடத்துக்குப் பக்கத்து அறையில், அவர் கணவன்மார்களுக்கு வகுப்பு எடுக்கிறார். என் மனைவிக்கு மாதம் ஏறியபோது நானும் போனேன். மனிதர்களை மூக்குக்கு மேலே மட்டும் பார்த்துப் பழகியவன் நான். அங்கே முதல் வாக்கியமே மிகவும் கீழே இருந்து தொடங்கியது.

“குழந்தை வர்ற வழி ஒண்ணு இருக்கு. மலம் போற வழி ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இத்துணூண்டு இடம். அதுதான் பாலம். குழந்தையோட மண்டை வர்றப்ப மொத்த பாரமும் அந்தப் பாலத்து மேலதான். அவசரப்பட்டா பாலம் உடையும். பாலம் உடைஞ்சா என்னாகும்?”



“ரெண்டு கரையும் ஒண்ணாயிடும்” என்றார் மெதுவக்கா. ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

பிறகு ஆளுக்கொரு சட்டைக் கையும் ரப்பர் பந்தும் கொடுத்தார். சட்டைக் கையின் மணிக்கட்டு ஓரம் இற்றுப்போன நூலால் சுருக்கித் தைக்கப்பட்டிருந்தது. பந்தை அதன் வழியே வெளியே எடுக்க வேண்டும். நூல் அறக் கூடாது. பூட்டு ரிப்பேர்க்காரர் எடுத்த எடுப்பில் படபடவென்று அறுத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். என்னுடையதும் பாதியில் போயிற்று. ஒரு லாரி டிரைவர் மட்டும் நாக்கைத் துருத்திக்கொண்டு, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவதுபோல் சாய்த்து, பந்தை அலுங்காமல் வெளியே கொண்டுவந்தார். “ரிவர்ஸ் எடுக்கற மாதிரிதாங்க” என்றார். நாங்கள் கைதட்டினோம். அவருக்கு இது ஐந்தாவது குழந்தை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அடுத்தது, கடைசி மாதத்தில் வீட்டில் அந்தப் பாலத்துக்குச் செய்ய வேண்டிய தடவல். கையைச் சுத்தமாகக் கழுவி, நகம் வெட்டி, வாசனை சேர்க்காத எண்ணெய் தொட்டு, கட்டைவிரலைக் குழந்தை வரும் வழிக்குள் கொஞ்சமாக வைத்து, கீழ்ப்பக்கமாகவும் பக்கவாட்டிலும் அழுத்தி நெகிழ்த்த வேண்டும். மனைவிக்கு விருப்பம் இருந்தால் மட்டும். எவ்வளவு அழுத்துவது என்று யாரோ கேட்டார்கள்.

“எல்லாரும் கட்டைவிரல வாயில விடுங்க. உதட்டு ஓரத்துல மாட்டி வெளிப்பக்கமா இழுங்க. இழுங்க... இன்னும்... எரியுதா?”

“எரியுதுக்கா” என்றோம், “எ”வும் “அ”வும் கலந்த ஏதோ ஒரு மொழியில்.

“அந்த எரிச்சல் வந்ததும் நிறுத்திப் பிடிக்கணும். தாண்டக் கூடாது. பிள்ள வர்றப்ப அவளுக்கும் இதே எரிச்சல்தான் வரும். பழகியிருந்தா பயந்து தள்ள மாட்டா.”

அந்த நேரம் பார்த்துத் துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் சலவைக்கூடத்து ஊழியர். தாடியும் மீசையுமாக வளர்ந்த ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டைவிரலால் வாயைக் காதுவரை இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

வகுப்பு முடிந்து ஒன்றாகவே வீட்டுக்குத் திரும்பினோம். “இவ்வளவு செஞ்சா கிழியவே கிழியாதாக்கா?” என்று கேட்டேன்.

“அப்படிச் சொன்னா நான் பொய் சொல்றவ. மொதல் பிள்ளைக்குக் கொஞ்சமாவது கிழியறதுதான் அதிகம். சிலருக்கு என்ன பண்ணாலும் பெருசா கிழியும். ஆனா சும்மா கிழியக் கூடாது தம்பி.” கொஞ்ச தூரம் நடந்தபின் அவரே தொடர்ந்தார். “எனக்கு மூத்தவன் பொறந்தப்ப ஆளாளுக்கு முக்கு முக்குன்னு கத்தினாங்க. நானும் முக்கினேன். பந்து கோல்ல விழற மாதிரி வந்து விழுந்தான். கரை ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. அதுக்கப்புறம் என் தம்பி கல்யாண போட்டோவப் பாருங்க. முன்வரிசையில எல்லாரும் உக்காந்திருப்பாங்க, நான் மட்டும் நாற்காலிக்கு முன்னாடி நின்னுட்டிருப்பேன். என் பின்னாடி இருந்த பெரியப்பாவோட மூஞ்சியே தெரியல. அவருக்கு இன்னிக்கு வரைக்கும் கோபம். தும்மக்கூட பயம். ‘நிறுத்தும்மா’ன்னு ஒரு ஆள் சொல்லியிருந்தாப் போதும். யாரும் சொல்லல.”

அவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரிக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அதன் பெயர் என் மாமியார்.

என் மாமியார் பளுதூக்கும் பயிற்சியாளர். ஊரே அவரைக் கோச்சம்மா என்றுதான் அழைக்கும். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவர் “ம்ம்!” என்றால் அந்தக் கோடியில் நாய் எழுந்து நிற்கும். என் மனைவி அவருடைய மகள் மட்டுமல்ல, முதல் மாணவியும்கூட. கல்யாணத்துக்குப் பிறகு போட்டிகளை விட்டுவிட்டாள் என்றாலும் அம்மாவின் குரல் அவள் உடம்பை விடவில்லை. சாப்பாட்டு மேசையில் கோச்சம்மா யாரிடமோ போனில் “தூக்கு!” என்று கத்தினால் இவள் கையில் இருக்கும் குழம்புச் சட்டி தலைக்கு மேலே போய்விடும்.

மகளின் பிரசவத்துக்கு அவர் ஒரு போட்டிக்குத் தயாராவதுபோலவே தயாரானார். எண்ணெய்த் தடவலைக் கேள்விப்பட்டதும் வெடித்தார். “தசைய இளக்கறதா? நான் வருஷக்கணக்கா முறுக்கேத்தி வெச்சது மாப்பிள்ளை அது!”

ஒருநாள் மாடிப்படியில் இருவரும் நேருக்குநேர் சந்தித்தார்கள். நான் காய்கறிப் பையோடு நடுவில் மாட்டிக்கொண்டேன்.

“பிரசவம்ங்கறது கடைசி லிஃப்டு. உள்ள இருக்கறதையெல்லாம் போட்டுத் தள்ளிடணும்” என்றார் கோச்சம்மா.

“தூக்கறது உங்க தொழில்ங்க. இது இறக்கறது” என்றார் மெதுவக்கா.

“இறக்கறதுல என்ன இருக்கு? தூக்கி முடிச்சதும் மேல இருந்து தொப்புன்னு போட்டுருவோம்.”

மெதுவக்காவின் முகம் வெளிறிப்போனது. “தொப்புன்னா?”

“கீழ ரப்பர் பலகை இருக்குமில்ல.”

மெதுவக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அன்று அவர் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை என்று அவருடைய கணவர் பஞ்சர் கடையில் சொன்னார்.

வலி கண்டது ஒரு முற்பகலில். மெதுவக்காவுக்கு அன்று பகல் வேலை. பிரசவ அறைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி என்பதால் நான் போனேன். கோச்சம்மா வராந்தாவில் நிறுத்தப்பட்டார். என் மனைவி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மெதுவக்கா வெந்நீர்ப் பாத்திரத்தில் துணியை நனைத்து, பிழிந்து, தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, பாலத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். ஆறியதும் மாற்றினார். “நல்லாருக்கும்மா. அவசரமே இல்ல. சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேற வேலையே கெடையாது” என்று பேசிக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா வந்து பார்த்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு, “எல்லாம் சரியா போயிட்டிருக்கு, உங்க கையிலயே இருக்கட்டும் சிஸ்டர்” என்று சொல்லிப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

தலை தெரிய ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் கதவைத் துளைத்துக்கொண்டு வந்தது அந்தக் குரல்.

“விடாத! மூச்சப் பிடி! தூக்கு!”

என் மனைவியின் உடம்பு முழுவதும் ஒரு முறுக்கு ஏறியது. கட்டில் சக்கரத்தின் பூட்டு க்ளிக்கென்று கழன்றது. கட்டில், மனைவி, மெதுவக்கா, வெந்நீர்த் துணி எல்லாரும் சேர்ந்து ஓரடி நகர்ந்தார்கள். மெதுவக்காவின் கைகள் மட்டும் வைத்த இடத்தைவிட்டு நகரவில்லை; கால்கள்தான் பக்கவாட்டில் நடந்தன.

“தள்ளாதம்மா! இப்ப தள்ளக் கூடாது! ஊது!”

“நான் தள்ளலக்கா...” என் மனைவி பல்லைக் கடித்தாள். “அம்மா கொரல் தள்ளுது.”

டாக்டரம்மா ஒரு ஆயாவை அனுப்பி, கோச்சம்மாவைக் கேண்டீனுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கோச்சம்மா மறுபேச்சில்லாமல் போனார். கேண்டீன் இரண்டு தளங்களுக்குக் கீழே, முற்றத்துக்கு அந்தப் பக்கம். ஒரு நிமிடம் அமைதி. பிறகு ஜன்னல் வழியாக, முற்றத்தைத் தாண்டி, “இன்னொண்ணு! இன்னொண்ணு!” என்று வந்தது. பக்கத்து அறைகளில் இருந்த பெண்களும் சேர்ந்து முக்குவது கேட்டது. கூடத்தில் எங்கோ ஒரு நர்ஸ், “யாரும்மா அது, இங்க இந்தப் பொண்ணுக்குக் கர்ப்பப்பை வாய் தொறக்கவே இன்னும் நேரம் இருக்கு!” என்று அலறினார்.

என் மனைவியின் நெற்றி நரம்பு புடைத்தது. பாலம் வெளுக்கத் தொடங்கியது. வெளுத்தால் கிழியப்போகிறது என்று வகுப்பில் சொல்லியிருந்தார். மெதுவக்கா தலையை நிமிர்த்தவே இல்லை.

“தம்பி, ஓடுங்க. அவங்கள இங்க கூட்டிட்டு வாங்க.”

“உள்ளயா?”

“அவ என் பேச்சக் கேக்க மாட்டா. அவ ஒடம்பு கேக்கற ஆளு ஒருத்தங்கதான். ஓடுங்க.”

ஓடினேன். டாக்டரம்மா தலையாட்டிவிட்டதால் யாரும் தடுக்கவில்லை. கோச்சம்மாவுக்குப் பச்சை அங்கியை முன்பின்னாக மாட்டி, தலையில் பிளாஸ்டிக் தொப்பியைக் கவிழ்த்து உள்ளே தள்ளினேன். கட்டிலின் தலைமாட்டில் வந்து நின்றார். மகளின் முகத்தைப் பார்த்ததும், மைதானத்தையே ஆட்டிவைத்த அந்தப் பெண்மணியின் உதடு கோணியது.

“கோச்சம்மா, நிறுத்தச் சொல்லுங்க” என்றார் மெதுவக்கா.

“நிறுத்தறதா? நான் அந்த வார்த்தைய சொன்னதே இல்லையேங்க. எனக்கு வரவே வராது.”

“வரவைங்க. அடுத்த வலி வந்துட்டே இருக்கு. அதுல அவ தூக்கினா கிழிஞ்சுரும். வருஷக்கணக்கா அவளால ஒழுங்கா உக்கார முடியாது. உங்க பொண்ணுங்க.”

கோச்சம்மா வாயைத் திறந்தார், மூடினார். “நி...” என்றார். அவருடைய கண்கள் அறை முழுவதும் எதையோ தேடி அலைந்தன. பிறகு சட்டென்று வலது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கினார்.

“பொண்ணே! என்னப் பாரு! தூக்கியாச்சு. பாரம் மேல நிக்குது. நடுவர் கை எறங்குற வரைக்கும்?”

“அசையக்... கூடாது” என்றாள் என் மனைவி.

“என் கை எங்க இருக்கு?”

“மேல.”

“அப்ப நில்லு!”

வலி வந்தது. என் மனைவியின் பார்வை அந்தக் கையிலேயே குத்திட்டு நின்றது. முறுக்கேறிய உடம்பு அப்படியே உறைந்தது. வாய் திறந்து “ஹா, ஹா, ஹா” என்று மூச்சு சின்னச் சின்னதாக வெளியேறியது. கோச்சம்மாவும் “ஹா, ஹா” என்றார். டாக்டரம்மாவும் “ஹா” என்றதைக் கேட்டேன். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டால், கட்டைவிரலை வாயில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

“எரியுதுக்கா! எரியுதுக்கா!”

“எரியட்டும். நீளுதும்மா. தானா வருது, நீ ஒண்ணும் பண்ணாத.” மெதுவக்காவின் இடது கை விரல்கள் அந்தச் சின்ன மண்டையைத் தடுத்தும் தடுக்காமலும் பிடித்திருந்தன. வலது உள்ளங்கை துணியோடு பாலத்தைத் தாங்கியிருந்தது. வலி போயிற்று, தலை அங்கேயே நின்றது. மறுபடி வந்தது, ஒரு நெல்மணி அளவு நகர்ந்தது. நெற்றி. சுருங்கிய, மிகுந்த கோபமான புருவம். மூக்கு. தாடை. தலை முழுவதும் வெளியே வந்தபோது மெதுவக்கா தன்னுடைய மூச்சையும் விட்டார்.

“இப்ப தோளுக்குக் கொஞ்சமே கொஞ்சம் தள்ளணும். கோச்சம்மா, சொல்லுங்க. கொஞ்சமா.”

கோச்சம்மா யோசித்தார். அவருடைய அகராதியில் கொஞ்சம் என்று எதுவும் இல்லை. “கால்வாசி லிஃப்ட்!” என்று அதட்டினார்.

என் மனைவி கால்வாசி லிஃப்ட் செய்தாள். ஒரு தோள் வந்தது. இன்னொரு தோள். மிச்சம் தானாக வந்துவிட்டது. வழுக்கிக்கொண்டு வந்த என் மகளை மெதுவக்கா அவளுடைய அம்மாவின் மார்பில் சேர்த்துத் துணியால் போர்த்தினார். குழந்தை அழுதாள், பாட்டியின் குரலில். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று சொன்னால் நான் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள்.

நஞ்சுக்கொடி விழுந்தபின் விளக்கை இழுத்துவைத்து மெதுவக்கா நெடுநேரம் பார்த்தார். டாக்டரம்மாவும் குனிந்து, உள்ளேயும் வெளியேயும் சோதித்தார்.

“தோல் லேசா உரசியிருக்கு. தானா ஆறிடும். தையல் தேவையில்ல” என்றார் டாக்டரம்மா.

மெதுவக்கா துணியை மடித்தார். பிறகு இன்னொரு முறை விளக்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். நான் மனைவியின் நெற்றியில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தேன். அவள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயா தரையைத் துடைக்க வந்தார். டாக்டரம்மா வெளியே போனார். அறை தன் போக்கில் சாதாரணமாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மெதுவக்கா திரும்பிப் பார்த்தார். கோச்சம்மா தலைமாட்டில் அதே இடத்தில் நின்றார். அவருடைய வலது கை இன்னும் தலைக்கு மேலேயே இருந்தது. விரல்கள் வெளுத்துப்போய், கை தோளிலிருந்து நுனிவரை கிடுகிடுவென்று நடுங்கியது. கண்களை இறுக மூடியிருந்தார். இறக்கலாம் என்று அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை.

மெதுவக்கா கையுறைகளை உருவிப் போட்டார். கை கழுவினார். துடைத்துக்கொண்டு அவர் அருகில் போனார். ஒரு உள்ளங்கையை அந்த முழங்கைக்குக் கீழே கொடுத்துத் தாங்கினார். மற்றொரு கையால் மணிக்கட்டைப் பிடித்தார். “ஊதுங்க” என்றார் மிகத் தணிந்த குரலில். கோச்சம்மா உதட்டைக் குவித்து ஊதினார். மெதுவக்கா அந்தக் கையைக் கீழே இறக்கத் தொடங்கினார், கொஞ்சம் இறக்கி, நிறுத்தி, பழகவிட்டு, மறுபடி கொஞ்சம்.